கரோக்கி ட்ராக் வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும் முன் நீளத்தைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ரிசப்ஷன்களில் கரோக்கி (குரல் இல்லாத இசை மட்டும்) போட்டுப் பாடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். "ஒரிஜினல் சுருதி, ஒரிஜினல் டெம்போ (பாட்டின் ஓட்டம்), கண்ணை மூடிக்கிட்டுப் பாடலாம்" என்று சொல்லி, கடலூரில் ஒருவர் என் சித்தப்பாவுக்கு பென் டிரைவில் ட்ராக் போட்டுக் கொடுத்தார்.

சித்தப்பா பல வருஷம் மெல்லிசைக் குழுவில் பாடியவர். முத்தியால்பேட்டையில் நடந்த ரிசப்ஷனில், சரணத்தில் மேலே போகும் வரி அவர் குரலுக்கு எட்டவே இல்லை. மூச்சு எடுப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. கூட வாசித்த கீபோர்டு தம்பி, கீபோர்டின் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸில் ஏற்றிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான். எதிலும் சேரவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் பாதிப் பாட்டில் அவர் மைக்கை வைத்துவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

வீட்டில் ஒரிஜினலையும் ட்ராக்கையும் ஒப்பிட்டோம். ஒரிஜினல் 5 நிமிடம், ட்ராக் 4 நிமிடம் 48 விநாடி. எந்த இடமும் வெட்டுப்படவில்லை. படச்சுருள் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் அதையே 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள். அந்த மாதிரி டிவிடியிலிருந்து பாட்டை எடுத்துக் குரலை நீக்கினால் இதே கணக்குதான் வரும்: வேகம் 4 சதவீதம் கூடும், சுருதியும் சேர்ந்து ஏறும். அரைக்கட்டை, அதாவது கீபோர்டில் ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு உள்ள தூரம், முழுசாக ஏற கிட்டத்தட்ட 6 சதவீதம் வேண்டும். 4 சதவீதத்தில் சுருதி இரண்டு கீக்கு நடுவில் நின்றுவிடும். ட்ரான்ஸ்போஸ் அரை அரைக்கட்டையாகத்தான் நகரும், பிறகு எப்படிச் சேரும்?

போய்க் கேட்டதற்கு, "பாடுறவரு சுருதி சேராமப் பாடினா ட்ராக் என்னங்க பண்ணும்?" என்றார். வயசில் பெரியவரைப் பார்த்து இப்படிப் பேசியதுதான் பணம் போனதைவிட வலித்தது. அப்புறம் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு "இறக்கி" கொடுத்தார். சுருதி மட்டும் இறங்கியிருந்தது, ஓட்டம் பழையபடியே. தபலா அடி கூர்மை போய்க் குழைந்து கேட்டது.

ட்ராக் வாங்கும்போது பல்லவி தொடங்கும் இடத்திலிருந்து கடைசிச் சரணம் முடியும் வரை ஒரிஜினல், ட்ராக் இரண்டிலும் நேரம் பாருங்கள். மொத்த நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம், முகப்பு இசையை வெட்டியிருப்பார்கள். 4 நிமிடம் 30 விநாடி 4:15 ஆகியிருந்தால், அது அரைக்கட்டை ஏறிய ட்ராக். நேரம் சரியாக இருந்தாலும் விடாதீர்கள், டெம்போவைத் தொடாமல் சுருதியை மட்டும் மாற்றவும் முடியும். ஒரிஜினலுக்கு எந்தக் கட்டையோ அதை ஆர்மோனியத்தில் பிடித்துக்கொண்டு ட்ராக்கைக் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இலவச ஆடாசிட்டி மென்பொருளில் சரிசெய்யலாம். அதில் சுருதி, டெம்போ, ஸ்பீடு (சுருதியும் டெம்போவும் சேர்ந்து மாறுவது) மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். அவர் முதலில் கொடுத்த ட்ராக்கில் ஸ்பீடை 4 சதவீதம் குறைத்ததும் சுருதியும் ஓட்டமும் ஒன்றாக இடத்துக்கு வந்தன. சித்தப்பா அதே சரணத்தைச் சிரமமே இல்லாமல் பாடினார்.

பணத்தைத் திருப்பித் தர அந்த ஆள் மறுத்துவிட்டார். ரசீதை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப்போகிறோம்.