2008 ஸ்விஃப்ட்டுக்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மாற்றினேன்: அம்பத்தூர் ஒர்க்‌ஷாப் எப்படி?

வண்டி 2008 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜினில் ஒரு குறை இல்லை, ஆனால் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புறச் சாய்வதும், ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால் டங்கென்று அடிப்பதும், ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே போவதுமாக இருந்தது. டயரும் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தது.

முதலில் விசாரித்த இடத்தில், எண்ணெய் கசிகிற இடது ஷாக்கை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். அது தப்பு. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி நேராக நிற்காது, ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில்தான் விஷயம் தெரிந்த ஆள் கிடைத்தார். ஜாக்கியை எடுப்பதற்கு முன்பே வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தார். "ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சு சார், இதுல புது ஷாக் போட்டா அதுவும் சீக்கிரம் போயிடும்" என்றார். உண்மைதான். எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது ஷாக். ஸ்பிரிங் தாழ்ந்தால் ஷாக்குக்கு அமுங்க இடமில்லாமல் பள்ளத்துக்குப் பள்ளம் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் தடுப்பில் போய் மோதும்.

பாகங்களை நானே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளில் கழற்றிய ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும், கதவுக் கைப்பிடி, கண்ணாடிக்கெல்லாம் அருமையான இடம் அது, ஆனால் ஏற்கெனவே எவ்வளவு தளர்ந்தது என்று தெரியாத ஸ்பிரிங்கை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? ஸ்ட்ரட் (முன்பக்க ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) மேலே உட்காரும் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாமே சேர்த்து மாற்றிவிடுங்கள். ஷாக் விலையோடு பார்த்தால் சின்னத் தொகைதான், விட்டுவிட்டால் இதற்காகவே மறுபடி மொத்தத்தையும் கழற்ற வேண்டி வரும்.

வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அமுங்கிய காயில் ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும், அதனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸரை இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். மேல் நட்டைக் கழற்றும்போது ஷாக் ராடைப் பிளையரால் பிடிக்கவே இல்லை. ராடில் கீறல் விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் வெளியே வந்துவிடும், பல இடங்களில் இந்தக் கவனம் இருப்பதில்லை. அப்புறம், பின் ஷாக்கின் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது லேசாக மாட்டிவிட்டு, கீழே இறக்கிச் சக்கரத்தில் எடை வந்த பிறகுதான் கடைசியாக இறுக்கினார். அந்தரத்திலேயே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இவரிடம் தைரியமாக வண்டியை விடலாம்.

குறை என்றால், அங்கே வீல் அலைன்மென்ட் மிஷின் கிடையாது. ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் கோணம் மாறும், அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும், அதற்கு வேறு கடைக்கு ஓட்டிப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் தருவதாகச் சொன்ன வண்டி சாயங்காலம்தான் கைக்கு வந்தது.

இப்போது வண்டி பள்ளத்தில் ஒரு முறை அமுங்கி எழுந்து நின்றுவிடுகிறது, பிரேக் பிடித்தால் முன்பு போலக் குனிவதில்லை. முதல் சில நாள் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தது, இப்போது பழகிவிட்டது. போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே விட்டுவிடுங்கள், சனிக்கிழமை ஒரே கூட்டம்.