டார்வினா, ஃபெலோனாவா? இத்தாலிய ராக் இசையின் இரண்டு கதை ஆல்பங்கள்

ராக் இசையை நீண்ட, சிக்கலான கோர்வைகளாக விரிக்கும் பாணியான புரோக்ரசிவ் ராக்கின் இத்தாலிய வடிவத்தை அதுவரை கேட்டறியாத நண்பர் ஒருவருக்கு ஒரே ஒரு ஆல்பத்தை வாங்கித் தர வேண்டியிருந்தபோது, கடைசியில் என் முன் நின்றவை இரண்டு. ஒன்று ரோம் நகரத்துக் குழுவான பாங்கோ டெல் முத்துவோ சொக்கோர்சோ 1972இல் வெளியிட்ட ‘டார்வின்!’. மற்றொன்று வெனிஸ் பகுதியைச் சேர்ந்த லே ஓர்மே குழு 1973இல் வெளியிட்ட ‘ஃபெலோனா எ சொரோனா’. இரண்டும் முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே கதையைச் சொல்பவை. நான் வாங்கியது ‘டார்வின்!’. அந்தத் தேர்வுக்கான காரணத்தை விரிவாகவும், மற்றதன் சிறப்புகளைக் குறைத்துவிடாமலும் இங்கே எழுத முயல்கிறேன்.

போட்டியில் வேறு பெயர்களும் இருந்தன. ஒரே கருத்தைச் சுற்றிப் பாடல்களைக் கோக்கும் முறை இத்தாலிக்கு 1972இல் புதிதன்று. ஜெனோவாவின் நியூ டிரோல்ஸ் குழு 1968இலேயே ‘சென்சா ஒராரியோ சென்சா பாந்தியேரா’ என்ற ஆல்பத்தை அப்படித்தான் அமைத்தது. அதன் வரிகளில் பாடகரும் பாடலாசிரியருமான ஃபாப்ரிட்சியோ தெ ஆந்த்ரேக்கும் கவிஞர் ரிக்கார்தோ மன்னெரினிக்கும் பங்குண்டு. ஆயினும் அது பாடல் மரபுக்கு நெருக்கமானது. நீண்ட வாத்தியப் பகுதிகளைக் கொண்டு கதை நகர்த்தும் பிற்காலப் பாணியை அதில் எதிர்பார்க்க முடியாது. நேப்பிள்ஸைச் சேர்ந்த இல் பலெத்தோ தி புரோன்சோ குழுவின் ‘ஈஸ்’ அற்புதமானது. ஆனால் அதன் இருட்டும் இறுக்கமும் முதன்முறையாகக் கேட்பவரை விரட்டிவிடும். எனவே அவற்றை விரைவிலேயே ஒதுக்கிவிட்டேன்.

வெளிப்படையான வேறுபாடுகளில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. லே ஓர்மே மூவர் குழு: பேஸ் கிட்டாரும் குரலும் ஆல்தோ தாலியாபியெத்ரா, கீபோர்டுகள் தோனி பாலியூக்கா, டிரம்ஸ் மிக்கி தெய் ரோஸ்ஸி. பாங்கோவில் அறுவர்; அவர்களில் வித்தோரியோ நொச்சென்ட்ஸி ஆர்கனையும் சிந்தசைசரையும், அவருடைய தம்பி ஜான்னி பியானோவையும் வாசித்தனர். ‘ஃபெலோனா’ ஏறத்தாழ 33 நிமிடங்கள், ‘டார்வின்!’ ஏறத்தாழ 47. இரண்டிலும் கிட்டாரைவிடக் கீபோர்டுக்கே முதலிடம். வாசிப்புத் திறத்தில் எதையும் மற்றதற்குக் கீழே வைக்க மாட்டேன்.

முதலில் ‘ஃபெலோனா’வுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். ஒன்றையொன்று சுற்றி வந்தும் ஒருபோதும் சந்திக்காத இரு கோள்களின் கதை அது. ஃபெலோனா ஒளியும் மகிழ்ச்சியும் நிறைந்தது. சொரோனா இருளிலும் துயரிலும் அழுந்திக் கிடப்பது. இரண்டையும் ஆளும் பரம்பொருள் ஒன்றைப் பேணுகிறது, மற்றதை மறந்துவிடுகிறது. பின்னர் அதன் கருணை சொரோனாவை நோக்கித் திரும்ப, அங்கே விடிகிறது. ஃபெலோனாவின் நல்ல காலம் முடிகிறது. கடைசியில் எல்லாமே வெறுமைக்குள் மீள்கின்றன. ஒருவருக்குக் கிடைக்கும் இன்பம் மற்றொருவரிடமிருந்து பறித்தே தரப்படுகிறது என்ற இந்தக் கற்பனை எளிமையானது. ஆனால் எளிதில் மறக்கக்கூடியதன்று. தெ ஆந்த்ரேயின் தொடக்கக்கால ஆல்பங்களுக்கு இசைக்கோர்வை அமைத்த ஜான் பியெரோ ரெவெர்பெரி இதன் தயாரிப்பாளர் என்பதால், எந்தப் பாட்டும் தேவைக்கு மேல் ஒரு நொடிகூட நீள்வதில்லை. எட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் முதற்பாட்டைத் தவிர மற்றவை ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. பொறுமை குறைந்தவருக்கு இதுவே பெரிய வரம்.

அதற்கு இன்னொரு சாதகமும் உண்டு. அதே 1973இல் பிரிட்டனின் கரிஸ்மா நிறுவனம் அதன் ஆங்கில வடிவத்தை வெளியிட்டது. ஆங்கில வரிகளை எழுதியவர் பிரிட்டனின் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் பாடகர் பீட்டர் ஹாமில். அந்தக் குழுவின் ‘பான் ஹார்ட்ஸ்’ ஆல்பம் சொந்த நாட்டில் பெரிதாக எடுபடாமல் இத்தாலிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த காலம் அது. ஆகவே இந்தக் கூட்டு வியப்புக்குரியதன்று. இத்தாலியம் தெரியாதவர் கதையைப் பின்தொடர இதுவே சரியான வழி என்று நானும் முதலில் எண்ணினேன். கேட்டுப் பார்த்தால், தாலியாபியெத்ராவின் மெல்லிய உயர்குரல் ஆங்கில மெய்யெழுத்துகளில் இடறிக்கொண்டே போகிறது. உயிரெழுத்தில் முடியும் சொற்களுக்காக இழைக்கப்பட்ட மெட்டில் அவ்வாறு முடியாத சொற்களைத் திணித்ததன் விளைவு அது. ஹாமிலின் வரிகள் தாளில் படிக்க நன்றாகவே இருக்கின்றன.

என் தேர்வைத் தீர்மானித்த கேள்வியும் இங்கேதான் பிறந்தது. பாடலின் சொற்கள் புரியாதபோது கதை நிற்குமா? இத்தாலியம் அறிந்த ஒருவருக்கு இந்தக் கேள்வி பொருட்டே ஆகாது. நாமோ பெரும்பாலும் வரிகளைத் தனியே வைத்துக்கொண்டு, ஒரு கண் காகிதத்தில், ஒரு காது இசையில் என்று கேட்பவர்கள். சில நாட்களில் காகிதம் மேசையடியில் போய்விடும், இசை மட்டுமே மிஞ்சும். அப்போது ‘ஃபெலோனா’வில் ஒளி வருவது காதுக்குத் தெரிகிறது, அது எந்தக் கோளுக்கு வருகிறது என்பது தெரிவதில்லை. ஃபெலோனாவின் களிப்பையும் பின்னர் சொரோனாவுக்குக் கிட்டும் களிப்பையும் அந்தக் குழு ஏறக்குறைய ஒரே வண்ணத்தில்தான் தீட்டுகிறது. இருவரின் விதியும் இடம் மாறுவதுதான் கதையின் உயிர்நாடி. அந்த மாற்றம் வரிகளில் நடக்கிறது, இசையில் போதுமான அளவு நடக்கவில்லை.

‘டார்வின்!’ கதையின் வேலையை இசையிடமே ஒப்படைக்கிறது. ஏழு பாட்டுகள், உயிரின் பரிணாமத்தில் ஏழு நிலைகள். முதற்பாட்டான ‘லெவொலுசியோனே’ ஏறத்தாழ 14 நிமிடங்கள் நீள்கிறது. சற்று வேறு விதமாக எண்ணிப் பார்க்கும்படி தொடக்கத்திலேயே கேட்பவரை அழைக்கும் பாங்கோவின் பாடகர் ஃபிரான்செஸ்கோ தி ஜாகொமோ, பெருந்தெய்வங்கள் எதையும் செய்யவில்லை, படைப்பு தன்னைத் தானே படைத்துக்கொண்டது என்று பாடுகிறார். கத்தோலிக்கம் ஊறிய நாட்டில், 1972இல், அதை ஓர் ஓபெரா பாடகரைப் போன்ற கனத்த குரலில் பாடுவதற்குத் துணிவு வேண்டும். அதற்கு அடுத்து ஆர்கனும் சிந்தசைசரும் பியானோவும் ஒன்றையொன்று மறித்தும் முந்தியும் ஓடுகின்றன. எந்த மெட்டும் நிலைகொள்ளாமல் உருமாறிக்கொண்டே இருக்கிறது. பரிணாமம் என்ற சொல்லைக் கேட்காதவருக்கும் இங்கே ஏதோ ஒன்று உருவாகத் தவித்துக்கொண்டிருப்பது புரியும்.

இரண்டாவது பாட்டைத்தான் நான் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது. ‘லா கொன்குயிஸ்தா தெல்லா பொசிசியோனே எரெத்தா’, அதாவது நிமிர்ந்து நிற்கும் நிலையை மனித மூதாதை வென்றெடுத்த கதை. எட்டரை நிமிடங்களுக்கு மேல் ஓடும் அதில் பெரும் பகுதி வாத்திய இசை மட்டுமே. தாளம் முன்னே பாய்கிறது, தடுக்கி நிற்கிறது, மீண்டும் எழுகிறது. ஆர்கன் ஒரு சிறு தொடரைப் பிடித்து அதையே விடாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, இறுதிப் பகுதியில்தான் மனிதக் குரல் நுழைகிறது. நின்ற பிறகுதான் குரல்! எழுவதும் விழுவதுமாக இருந்த விலங்குக்கு அதுவரை பாட உரிமை இல்லை என்று குழு முடிவு செய்திருப்பதைப் போல அந்த இடம் அமைந்துள்ளது. ஒரு வரியும் புரியாமலே அந்த நுழைவின் பொருள் விளங்குகிறது. கதையைச் சொல்லும் வேலையை இசையமைப்பே ஏற்றுக்கொள்வது என்று நான் சொல்வது இதைத்தான். ‘ஃபெலோனா’வில் இதற்கு ஈடான ஓர் இடத்தை என்னால் காட்ட முடியவில்லை.

அடுத்து வரும் பெரும் ஊர்வனவற்றின் நடனம் முற்றிலும் வாத்திய இசை. பியானோ சோம்பலான ஜாஸ் நடையில் அசைந்து அசைந்து போக, பேருருவங்கள் ஒய்யாரமாக ஆடுகின்றன. இந்த ஆல்பத்தில் சிரிப்பு எட்டிப் பார்க்கும் ஒரே இடம் இது. பின்னர், தனியனாகத் திரிந்தவன் கூட்டத்தோடு சேரும் ‘சென்தோ மானி எ சென்தோ ஓக்கி’.

ஐந்தாவது பாட்டு ஏழரை லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காதலைப் பற்றியது. தலைப்பிலேயே அந்தக் காதலுக்கு ஒரு கேள்விக்குறி உண்டு. ஆதிமனிதன் ஒருவன் நிழலில் நின்று ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் மீது அவனுக்கு வேட்கை இருக்கிறது, அதைச் சொல்ல மொழி இல்லை. ஜான்னியின் பியானோ மட்டும் தொடக்கத்தில் துணைவர, தி ஜாகொமோ பாடுகிறார். பேசத் தெரியாதவனின் மனத்தை நாட்டின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று பாடுவதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த முரண்தான் பாட்டை உயர்த்துகிறது. மொழி புரியாமல் கேட்கும் நமக்கும் சொல்லின்றித் தவிக்கும் அவனுக்கும் இடையில் பெரிய தூரமில்லை என்றுகூடத் தோன்றும்.

ஆறாவது பாட்டு பாவமன்னிப்பு வேண்டிக் கத்தோலிக்கர்கள் பாடும் விவிலியத் துதிப்பாடலின் பெயரைத் தாங்கி, வரலாற்றின் முன் இரங்கி நிற்கிறது. கடைசிப் பாட்டு கிறீச்சிடும் சக்கரத்தோடு வால்ட்ஸ் நடையில் சுழல்கிறது. மனிதன் காலத்திடம் காலம் கேட்கிறான், காலமோ தன்னிடம் இல்லை என்று கைவிரித்துவிடுகிறது. பரிணாமத்தை வெற்றி முழக்கமாக முடிக்காததில்தான் அந்த இளைஞர்களின் முதிர்ச்சி தெரிகிறது. குறை சொல்வதென்றால், முதற்பாட்டின் நடுவில் இரண்டொரு நிமிடங்களைத் தயங்காமல் வெட்டியிருக்கலாம். ரெவெர்பெரி போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் வெட்டியிருப்பார்.

பின்விளைவு என்று பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஃபெலோனா’வின் கதையை வேறொரு குழு தொடர்ந்திருக்கிறது: ஜெனோவாவின் லா மாஸ்கெரா தி சேரா 2013இல் வெளியிட்ட ‘லெ போர்தே தெல் தொமானி’ அதன் நேரடித் தொடர்ச்சி. மிக்கி தெய் ரோஸ்ஸியின் தலைமையிலான லே ஓர்மே 2016இல் முழு ஆல்பத்தையும் புதிதாகப் பதிவு செய்தது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் எடுத்து வளர்க்க விரும்பும் கதை என்றால் அதில் சத்து இருக்கத்தான் வேண்டும். ‘டார்வின்!’ அப்படித் தொடர இடம் தராத கதை. மனிதன் வரை வந்து காலமும் தீர்ந்த பின் அடுத்தவர் எங்கே தொடங்குவது? பாங்கோ 1975இல் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் மான்டிகோர் நிறுவனம் வழியாக உலகச் சந்தைக்குப் போனபோதும், அந்த ஆல்பத்தில் ‘டார்வின்!’ பாட்டுகளுக்கு இடமில்லை. ஆங்கிலம் பேசும் உலகில் அதன் புகழ் மெதுவாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

1972ஆம் ஆண்டின் முதற்பதிப்புத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவனோ பாங்கோவை மேடையில் கண்டவனோ அல்லேன். ஆகவே தட்டின் ஒலித்தரம் பற்றியும் மேடை வடிவம் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மறுபதிப்புக் குறுந்தகட்டையும் இணையவழிக் கேட்பையும் வைத்தே இவ்வளவும் எழுதியுள்ளேன். ஒலி அமைப்பு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ‘ஃபெலோனா’ தெளிவாகவும் ‘டார்வின்!’ சற்று நெரிசலாகவும் என் செவிக்குப் படுகின்றன. நல்ல ஸ்பீக்கர் உள்ளவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1991இல் பாங்கோ தன் முதல் ஆல்பத்தையும் ‘டார்வின்!’ஐயும் ‘தா குயி மெஸ்ஸேரே சி தோமினா லா வாலே’ என்ற பெயரில் மறுபடியும் பதிவு செய்தது. தி ஜாகொமோவின் குரல் அதிலும் சிறப்பாகவே இருக்கிறது. 2014இல் சாலை விபத்தில் அவர் இறந்த பிறகு அந்தப் பதிவுக்குத் தனி மதிப்பும் கூடிவிட்டது. ஆனால் பளபளப்பான புதிய கீபோர்டு ஒலிகள் பழைய ஆர்கனின் கரடுமுரடை மழித்துவிடுகின்றன. தடுக்கி விழுந்து எழும் அந்த இரண்டாவது பாட்டு அதில் வழுக்கிக்கொண்டு போகிறது. முதன்முறை கேட்பவர் 1972ஆம் ஆண்டுப் பதிவா என்று உறையைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு வாங்கவும். ‘ஃபெலோனா’வை வாங்குவதென்றால் ஆங்கில வடிவத்தைத் தவிர்த்து இத்தாலிய வடிவத்தையே கேட்டு வாங்கவும், 33 நிமிடங்கள்தான் என்பதால், ‘டார்வின்!’ பிடித்துப்போனவர் அதே வாரத்தில் அதையும் கேட்டு முடிக்கலாம்.