பிரிசன் பஜார்: ஷூவுக்காகவே போகலாம்

மத்திய சிறை மதிலை ஒட்டி கைதிகள் செய்ததை விற்கிற, 'பிரிசன் பஜார்' என்று போர்டு வைத்த கடை இருக்குமே, எங்கள் ஊர்க் கடையில் நான் நெடுநாள் வாடிக்கை. பன்னும் ரொட்டியும் காலையிலேயே வந்துவிடும், மதியத்துக்கு மேல் போனால் காலித் தட்டுதான். பிஸ்கட் பரவாயில்லை. மிக்சரில் காரம் ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரி. சட்டை தையல் நல்ல கெட்டி, ஆனால் காலர் பழைய மாடல், காலேஜ் பையன்கள் தொடக்கூட மாட்டார்கள். செக்கெண்ணெய் பாட்டிலைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோவை சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு ஞாபகம் வந்துவிடும், இதுவரை வாங்கவில்லை.

அசல் சரக்கு என்றால் தோல் ஷூதான். வேலூர் சிறையில் ஷூ தைப்பது இன்று நேற்று வந்த தொழில் இல்லை, போலீஸ்காரர்களுக்கே அங்கிருந்து போகிறது. நான் வாங்கின கறுப்பு ஷூ ஒரு முழு மழைக்காலம் சேற்றில் அடிபட்டும் அடிப்பாகம் பிரியவில்லை, வெளியே இந்த விலைக்கு இப்படிக் கிடைக்காது.

அப்புறம் 'ஃப்ரீடம்' பெட்ரோல் பங்க். இந்தியன் ஆயிலோடு சேர்ந்து சிறைத்துறை நடத்துகிறது, நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகள்தான் பெட்ரோல் போடுகிறார்கள், புழலில் 2023-ல் பெண் கைதிகள் வேலை செய்யவென்றே ஒன்று திறந்தார்கள். வண்டியை நிறுத்தினதும் "ஜீரோ பாத்துக்குங்கண்ணே" என்று அவர்களே சொல்வதால் நம்பிப் போடலாம்.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் பில். வேலை இன்னது, பொருள் இன்னது, காசு அரசாங்கக் கணக்குக்குப் போகிறது என்று காகிதத்தில் இருக்கிறது. பில்லே இல்லாமல் கைதியிடம் வேலை வாங்கும் பழக்கமும் இதே துறையில் இருந்திருக்கிறது என்பதை வேலூர் வழக்கு வெளியே கொண்டுவந்தது. ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை டிஐஜி வீட்டில் வேலைக்கு விட்டார்கள், அங்கே பணம் திருடியதாகச் சொல்லித் தனிச் சிறையில் போட்டு அடித்தார்கள் என்று அவருடைய அம்மா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கோர்ட் உத்தரவுப்படி 2024-ல் டிஐஜி உட்பட 14 பேர் மேல் சிபிசிஐடி வழக்குப் போட்டது. குற்றம் நிரூபணமாகிறதா என்பது கோர்ட் பாடு. ஆனால் சிறையில் வேலையும் செய்யணும் என்கிற கடுங்காவல் தண்டனையை நீதிபதி எழுதினது அதிகாரி வீட்டுப் பாத்திரம் கழுவுவதற்கு இல்லையே? அங்கே கணக்கும் கிடையாது, கூலியும் கிடையாது, திருட்டுப் பட்டம் வேறு.

கடையிலும் ஒரு குறை உண்டு. கடுங்காவல் கைதிக்கும் செய்த வேலைக்கு நியாயமான கூலி தரணும் என்று குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. நான் கொடுக்கிற காசில் தைத்தவருக்கு எவ்வளவு, பராமரிப்புச் செலவு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி என்று கூலியில் பிடிப்பது எவ்வளவு என்று கல்லாவில் கேட்டால் வார்டர் சிரிக்கிறார், அவ்வளவுதான். விலைப்பட்டியல் பக்கத்திலேயே கூலிப்பட்டியலையும் ஒட்டுங்கள் சார். அதுவரை ஐந்துக்கு மூன்றரை.

ஷூ வாங்குகிறவர்கள் கவனிக்க: 9-க்கு மேல் சைஸ் சட்டென்று கிடைக்காது, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள்.