வெறும் வாயில் முதலிடம், நண்டுக் குழம்போடு கடைசி: ஐந்து ஒயின்கள், ஒரு வீட்டுச் சாப்பாடு

மாலை ஆறு மணிக்கு வெறும் வாயில் சுவைத்தபோது அந்த ஒயினுக்கு நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து கொடுத்த சராசரி 20க்கு 17.6. எட்டரை மணிக்கு, சோறும் நண்டுக் குழம்பும் மிளகுக் கோழியும் தட்டில் விழுந்த பிறகு, அதே புட்டிக்கு அதே ஆறு பேர் கொடுத்தது 13.7. ஆஸ்திரேலிய ஒயின் போட்டிகளில் நெடுங்காலம் புழங்கிய 20 மதிப்பெண் முறையில் 18.5க்குத் தங்கம், 17க்கு வெள்ளி, 15.5க்கு வெண்கலம். அந்தக் கணக்கில் பார்த்தால் வெள்ளி வாங்கிய ஒயின் இரண்டரை மணி நேரத்தில் பதக்கமே இல்லாமல் போய்விட்டது.

அடிலெய்டில் இருக்கும் எங்களுக்கு இது மாதமொரு சனிக்கிழமைப் பழக்கம். ஒரு வீட்டில் சமையல், மற்றவர்கள் ஆளுக்கொரு புட்டி, ஒன்று 40 டாலருக்குள். இதுவரை ஒயினை முதலில் சுவைத்து மதிப்பெண் எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம். போட்டிகளில் நடுவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது எங்கள் நியாயம். ஆனால் நடுவர்கள் யாரும் வீட்டுக்குப் போய் அதைப் புளிக்குழம்போடு குடிக்கப் போவதில்லை. நாங்கள் குடிக்கிறோம். அதனால் இந்த முறை ஒரே ஒயினுக்கு இரண்டு மதிப்பெண் என்று வைத்தோம்: ஒன்று தனியாக, இன்னொன்று சாப்பாட்டோடு.

சமைத்தது யாழ்ப்பாணத்து அக்கா. அவர் குடிப்பதில்லை, அதனால் ஊற்றும் பொறுப்பும் அவருடையதே. புட்டியைத் துணியால் சுற்றினால் போதாது. ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினின் புட்டி ஒல்லியாக, கழுத்து நீண்டு இருக்கும், துணிக்குள்ளேயே அடையாளம் தெரிந்துவிடும். அக்கா சமையலறையில் வைத்து ஐந்தையும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குடுவைகளில் மாற்றி, 1 முதல் 5 வரை எண் ஒட்டிக் கொண்டுவந்தார். முதல் சுற்றில் ஆளுக்கு 30 மில்லி, சுவைத்துவிட்டுத் துப்பப் பாத்திரம் உண்டு. சாப்பாட்டோடு 60 மில்லி. ஆறு பேருக்கும் ஒரு புட்டியில் 540 மில்லி போக 210 மில்லி மீதி, சந்தேகம் வந்தால் திரும்பச் சுவைக்க. வீட்டுக்குத் திரும்ப எல்லோருக்கும் டாக்ஸி. துப்பினாலும் கூட வண்டி ஓட்டுவதில்லை என்பதில் எங்களுக்குள் பேச்சுக்கே இடமில்லை.

ஷிராஸ் சிவப்பு ஒயினுக்கான திராட்சை, ரீஸ்லிங்கும் கெவுர்ட்ஸ்ட்ரமினரும் வெள்ளைக்கானவை; பெயருக்கு முன்னால் வருவது அது விளைந்த இடம். முதல் சுற்று முடிவு: பரோசா ஷிராஸ் 17.6, கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் 16.9, கிராம்பியன்ஸ் ஷிராஸ் 16.4, பிரான்ஸின் அல்சாஸ் கெவுர்ட்ஸ்ட்ரமினர் 15.8, மோசல் ரீஸ்லிங் கபினெட் 15.2.

சாப்பாட்டுக்குப் பிறகு: மோசல் 17.8, கிராம்பியன்ஸ் 17.3, கிளேர் 16.1, கெவுர்ட்ஸ்ட்ரமினர் 15.0, பரோசா 13.7.

முதலாவது கடைசிக்கும் கடைசி முதலாவதுக்கும் போனதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஷிராஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது தெளிவாகத் தெரியும்.

பரோசா எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். 1840களில் சைலீசியாவிலிருந்து வந்த லூத்தரன் ஜெர்மானியர்கள் குடியேறிய பள்ளத்தாக்கு. உலகத்தின் பல திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே இல்லை என்பதால் நூறு வயது தாண்டிய கொடிகள் அங்கே இன்னும் காய்க்கின்றன. வெயில் நன்றாக அடிக்கும் இடம், பழம் முற்றிப் பழுக்கும், சர்க்கரை ஏறும், அந்தச் சர்க்கரை எல்லாம் சாராயமாக (ஆல்கஹாலாக) மாறும். நாங்கள் குடித்ததில் 14.8 சதவீதம். தனியாகக் குடிக்கும்போது அது கம்பீரம்தான்: நாவல்பழச் சாறு, ஓக் பீப்பாயின் வெனிலா மணம், தொண்டை வரைக்கும் ஒரு கதகதப்பு. நான் அதற்கு 18 போட்டேன். அந்த மதிப்பெண்ணில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை.

ஆனால் மிளகாய் வந்ததும் அந்தக் கதகதப்பே எரிச்சலாகிவிட்டது. மிளகாயின் கேப்சைசின் நாக்கில் எந்த வெப்ப உணர்வியைக் கிளப்புகிறதோ, அதே உணர்வியைச் சாராயமும் கிளப்புகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். போதாததற்குத் துவர்ப்பு. ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வது நம் அறுசுவையில் ஒன்றான துவர்ப்பேதான், வாழைப்பூவையும் மாதுளைத் தோலையும் கடித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காரத்தில் வெந்த நாக்குக்கு அந்தத் துவர்ப்பு உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. நண்டோடு இன்னும் மோசம். ஒரு வாய் நண்டுச் சதை, ஒரு மடக்கு பரோசா, வாயில் துருப்பிடித்த ஆணியின் சுவையும் பழைய மீன்வாடையும். கடலுணவோடு இந்த வாடையைக் கிளப்புவது சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புதான் என்று 2009ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

அதே திராட்சைதான் கிராம்பியன்ஸிலும். விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, குளிர்ச்சியான மலையடிவாரம். சாராயம் 13.2, வாயில் கனம் குறைவு, பீப்பாய் மணம் அதிகமில்லை. நண்டோடு இதுவும் தோற்றது, மறைப்பதற்கில்லை. ஆனால் மிளகுக் கோழியோடு இது செய்த வேலையை நான் எளிதில் மறக்க மாட்டேன். வறுவலில் அக்கா மிளகாயே போடவில்லை. முழு மிளகை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, கருவேப்பிலையோடு கடைசியில் தூவியிருந்தார். ஒயினைக் குடித்தால் அதற்குள்ளும் மிளகு. எது கோழியிலிருந்து, எது கிண்ணத்திலிருந்து என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒரே மணமாக மூக்கில் ஏறியது.

இது கற்பனை ஒப்புமை இல்லை. ஷிராஸில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான், நம் கருமிளகின் மணத்துக்கும் அதுவே காரணம். இதைக் கண்டுபிடித்து 2008ல் வெளியிட்டது இதே அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம். குளிர்ந்த இடத்துக் கொடியில் அது கூடுதல், வெயில் காய்ந்த இடத்தில் குறைவு. அதனால்தான் பரோசாவில் பழமும் கிராம்பியன்ஸில் மிளகும் தூக்கலாக இருக்கின்றன. அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே தெரியாது. எங்கள் ஆறு பேரில் ஒருவர் அப்படி. நாங்கள் ஐந்து பேரும் மிளகு மிளகு என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் நாலு தடவை கிண்ணத்துக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குப் பழம் மட்டும்தான் வருது, நான் பொய்யா எழுத மாட்டேன்" என்று சொல்லி 15.5 போட்டார். சரியான மதிப்பெண். அவருடைய மூக்குக்கு அந்த ஒயின் அவ்வளவுதான், அதை அவர் எங்களுக்காக ஏற்றிப் போட்டிருந்தால்தான் தப்பு.

இனி வெள்ளை. இரண்டும் ரீஸ்லிங், இரண்டும் எதிரெதிர்.

கிளேர் பள்ளத்தாக்கு அடிலெய்டுக்கு வடக்கே. 2000ஆம் ஆண்டு அறுவடையில் அங்குள்ள ஒயின்காரர்கள் பலர் ஒன்றாகச் சேர்ந்து, தக்கையை விட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். தக்கை சில புட்டிகளைப் பாழாக்கி ஈர அட்டை வாடை ஏற்றிவிடும் என்பதுதான் காரணம். ரீஸ்லிங் போன்ற மெல்லிய மணமுள்ள ஒயினில் அது உடனே தெரியும். இந்த ஒயினில் இனிப்பே கிடையாது. எலுமிச்சைத் தோல், ஈரக் கல், பல் கூசும் புளிப்பு. தனியாகக் குடித்தபோது எங்களுக்கு இரண்டாமிடம்.

மோசல் ஜெர்மனியில், ஆற்றின் மேல் செங்குத்தாக ஏறும் ஸ்லேட் பாறைச் சரிவுகள். கபினெட் என்பது அங்கே இலேசான வகை. நொதிப்பு முடியுமுன் நிறுத்திவிடுவதால் கொஞ்சம் சர்க்கரை தங்கும், சாராயம் 8.5 சதவீதம்தான். தனியாகச் சுவைத்தபோது எல்லோரும் முகம் சுளித்தோம். "சாப்பிட உட்காரும்போது இனிப்பு ஒயினா" என்று நானே ஓரத்தில் எழுதி 14.5 போட்டேன்.

அக்காவின் நண்டுக் குழம்பு வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூளில் செய்தது, இறக்கும்போது ஒரு பிடி முருங்கை இலை. நண்டு எங்கள் கடலில் கிடைக்கும் நீல நண்டு. உறைப்பு காதுவரை ஏறும். அதன்மேல் மோசல் ஒரு மடக்கு. சர்க்கரை எரிச்சலைத் தணித்தது, சாராயம் குறைவென்பதால் அதைத் திரும்பக் கிளப்பவில்லை, அடியில் இருந்த புளிப்பு தேங்காய்ப் பாலின் பிசுக்கைக் கழுவிவிட்டு நண்டின் இனிப்பை மட்டும் நாக்கில் விட்டுவைத்தது. எங்களில் மூத்தவர், அக்காவின் கணவர், நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "தனியாக் குடிக்கேக்க சீனித்தண்ணி மாதிரித்தான் கிடந்தது தம்பி. இப்ப ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ, இனிப்பே காணேல்லை." அவர் சொன்னது அப்படியே உண்மை. காரத்துக்கு முன்னால் அந்த இனிப்பு மறைந்துவிடுகிறது, ஒயின் ஏறக்குறைய இனிப்பில்லாததாகத் தெரிகிறது. நான் 18.5 போட்டேன்.

கிளேரை மோசல் எல்லாவற்றிலும் வென்றதாகச் சொல்ல முடியாது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்குக் கிளேர்தான். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும், இதுதான் நம் சமையலோடு ஒயின் குடிப்பவர்கள் தெரிந்துவைக்க வேண்டிய முதல் கணக்கு. திராட்சையின் தலையாய அமிலம் டார்டாரிக். நம் புளியின் அமிலமும் அதுவே. புளிக்குழம்பும் ஒயினும் ஒரே ஆயுதத்தோடு மோதுகின்றன, அதில் நிமிர்ந்து நின்றது கிளேர் ஒன்றுதான். மோசல் சமாளித்தது. பரோசா சாயம் போன துணி மாதிரி ஆனது. கிளேருக்கு மொத்த மதிப்பெண் குறைந்தது நண்டின் காரத்தால்தான், அங்கே அதன் புளிப்பு புண்ணில் எலுமிச்சை பிழிந்தது போல் இருந்தது.

கெவுர்ட்ஸ்ட்ரமினரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜெர்மன் மொழியில் 'கெவுர்ட்ஸ்' என்றால் மசாலா. அந்தப் பெயரை நம்பித்தானோ என்னவோ, காரமான ஆசியச் சாப்பாடு என்றாலே எல்லா ஒயின் கையேடும் இதைத்தான் கைகாட்டுகிறது. லிச்சி, ரோஜா மணம், முகர்ந்தால் சொக்கவைக்கும். ஆனால் புளிப்பு குறைவு. தாய், சீனச் சாப்பாட்டுக்குச் சரியாக வரலாம். புளி ஊற்றிச் சமைக்கும் வீட்டுக்கு இதை வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். குழம்பு பட்டதும் பன்னீர் தெளித்த தண்ணீராகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் மதிப்பெண் போடுகிறவர்கள் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. இரண்டு ஒயின்களுக்கு நடுவே ஒரு பிடி வெறுஞ்சோறும் ஒரு கரண்டி தயிரும் எங்களுக்கு உதவியது. உறைப்பானதை முதலில் பரிமாறிவிட்டால் பிறகு எதுவும் தெரியாது, பருப்பு, மிளகு, புளி, கடைசியில் மிளகாய் என்று போக வேண்டும். அன்றைக்கு நாங்கள் நண்டை நடுவில் வைத்துவிட்டோம், பரோசாவின் 13.7ல் அந்த வரிசைக்கும் பங்குண்டு. வெயில் காலத்தில் சிவப்பு ஒயினை அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றுவதும் கூடாது. அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து 16 டிகிரிக்குக் கொண்டுவந்தால் சாராயத்தின் காட்டம் அடங்கும்.

இரவு பதினொன்றுக்குக் குடுவைகளைக் கழுவப் போட்டபோது மோசல் இருந்த குடுவையில் ஒரு சொட்டு இல்லை. பரோசாவில் மீதி வைத்தது அப்படியே கிடந்தது. அதை ஒரு சின்னப் புட்டியில் மூடி நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் மத்தியானம் மிளகாய் கிள்ளாமல், மல்லியும் சோம்பும் மட்டும் அரைத்து ஆட்டு எலும்புக் குழம்பு வைத்தேன். எலும்பிலிருந்து வழிந்த கொழுப்போடு குடித்தபோது துவர்ப்பு பட்டுப்போல் மடங்கிப் போனது, முந்தின நாள் ஆறு மணிக்கு நான் 18 போட்ட ஒயின் திரும்பி வந்திருந்தது. அடுத்த மாதம் என் வீட்டு முறை. அதே பரோசா, அதே எலும்புக் குழம்பு, எதிரே கிராம்பியன்ஸ். ஊற்றுவதற்கு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.