நிலவின் குழிகளை அச்சிட்டுத் தந்த சுங்கை சிப்புட் கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பேனர், திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாச் சுவரொட்டி முதலியவற்றை அச்சிடும் ஒரு கடையில், எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலைக்காகச் சென்ற மாதம் இரண்டு நிலவுப் படங்களை அச்சிட்டு வாங்கினேன். 2009-ஆம் ஆண்டு முதல் நிலவைச் சுற்றிவரும் நாசாவின் லூனார் ரிக்கானசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலம் எடுத்த படங்கள் அவை. யாரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

இது பேனர் அடிப்பது போன்ற வேலையன்று. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது அந்தக் கலத்தின் குறுங்கோணக் கேமரா, அரை மீட்டர் தரையை ஒரு புள்ளியாகப் பதிவு செய்தது; ஒரு படத்தின் அகலமே 5,064 புள்ளிகள், நீளமோ ஐம்பதாயிரத்துக்கும் மேல். வேறு கடைகளில் "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்" என்றார்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்கி, சிறு குழிகளெல்லாம் மறைந்துவிடும். இந்தக் கடையில் கணினிமுன் இருந்த தம்பி, பென்டிரைவில் மூலக் கோப்பையே கேட்டு வாங்கி, அது திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வேண்டிய பகுதியை மட்டும் தரம் குறையாமல் வெட்டியெடுத்தார்.

முதல் படம் டைக்கோ குழியின் நடுச்சிகரம். பௌர்ணமி இரவில் பள்ளித் திடலில் சிறு தொலைநோக்கியை வைத்துப் பார்த்தால், 85 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் குழி, நாலாபுறமும் கதிர்கள் பாயும் வெண்புள்ளியாகத்தான் தெரியும். 2011 ஜூன் 10 அன்று, அங்கே சூரியன் உதிக்கும் வேளையில் கலம் பக்கவாட்டில் சாய்ந்து எடுத்த படத்திலோ, குழித்தளத்திலிருந்து 2 கிலோமீட்டர் எழும்பி நிற்கும் மலையே கண்முன் வருகிறது. அதன் உச்சியில் சுமார் 120 மீட்டர் அகலத்தில் ஒரு பாறை தனியாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றடி அகல அச்சில் அது ஒரு துவரம்பருப்பு அளவே இருந்தாலும், அதன் விளிம்பு மங்கவில்லை. திருமணப் படங்களைப் போல இதையும் வெளிச்சமாக்கித் தர அந்தத் தம்பி முயன்றார். மாதிரிப் பிரதியில் நிழல்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. காற்றில்லாத இடத்தில் ஒளி சிதறுவதில்லை, நிழல் கருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னதும் உடனே மாற்றிக்கொடுத்தார். இறுதிப் பிரதியில் கருமை மிக அருமையாக வந்திருக்கிறது.

இரண்டாவது படத்தில்தான் தவறு நேர்ந்தது. அது 2.2 கிலோமீட்டர் அகலமுள்ள லின்னே குழியை நேர் மேலிருந்து எடுத்த படம். 1866-இல் ஏதென்ஸ் வானியலாளர் யோகான் ஷ்மிட் அந்தக் குழி உருமாறிவிட்டதாக அறிவித்தார். பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் வெண்திட்டாகவே தெரிவதால், அந்த வாதம் வெகுகாலம் தொடர்ந்தது. அருகிலிருந்து எடுத்த படத்தில், விளிம்பு சிறிதும் சிதையாத கிண்ணம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து ஒளி விழும் அந்தப் படத்தைக் கடையில் சட்டத்துக்குப் பொருந்துவதற்காகத் திருப்பி அச்சிட்டுவிட்டார்கள். ஒளி கீழிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே பழகிய நம் கண்ணுக்கு அப்போது பள்ளம் மேடாகத் தோன்றும். நானும் கடையில் கவனிக்கவில்லை. சுவரில் மாட்டிய பிறகு, "சார், கறையான் புற்று மாதிரி இருக்கிறதே" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி சொன்னபோதுதான் புரிந்தது. கடை முதலாளியான தவுக்கேயிடம் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். மேடு பள்ளமானதை வியப்போடு இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தவர், பணம் வாங்காமல் மறுபிரதி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு படத்துக்கு 38 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு நாளில் கிடைத்தது. நீங்களாகச் சொல்லாவிட்டால் பளபளப்பான மேலுறைதான் போடுவார்கள். வகுப்பறை விளக்கு அந்தக் கருநிழல்களின்மேல் பட்டுக் கண்ணைக் கூசும். ஆகவே மங்கல் உறை கேளுங்கள். ஒளி வரும் திசையையும் அம்புக்குறியிட்டு எழுதிக்கொடுத்துவிடுங்கள்.