ஆடி மாதத்தில் வீடு தேடிய கதை: சென்னை வாடகை நிலவரம்

துபாயில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட்டில். அதனால் நாங்கள் ஊருக்குப் போவது எப்போதும் ஆடி மாதத்தில்தான் வந்து நிற்கும். இந்த முறை போனது ஒரே வேலைக்காக: அம்மா அப்பாவுக்கு லிஃப்ட் உள்ள வாடகை வீடு பார்க்க. ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் 14 வருடமாக இருக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. காய்கறி வண்டி வந்தால் பால்கனியிலிருந்து கயிறு கட்டிக் கூடையை இறக்குகிறார். "கோயிலுக்குப் போயே நாலு மாசம் ஆச்சும்மா" என்று போனில் சொன்ன அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் வீடு தேட அதைவிட நல்ல மாதம் இல்லை. மே, ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் வீடு கிடைத்தால் போதும் என்று எல்லோரும் அலைவார்கள். அப்போது மிடுக்காகப் பேசும் ஓனர், ஆடியில் வீடு பூட்டிக் கிடந்தால் உட்கார வைத்து நிதானமாகப் பேசுவார். விடுமுறைக்கு வரும் நம்மைப் போன்றவர்களுக்கு இது தானாக அமையும் வசதி.

இரண்டு வாரத்தில் 17 வீடு பார்த்தேன். எல்லாம் டபுள் பெட்ரூம், லிஃப்ட் உள்ளவை. நங்கநல்லூரில் 24,000 முதல் 30,000 வரை கேட்டார்கள். ஆதம்பாக்கத்தில் அதைவிட இரண்டாயிரம், மூன்றாயிரம் குறைவு. மேடவாக்கம் பக்கம் 16,000, 18,000க்கே புது ஃப்ளாட் இருக்கிறது, ஆனால் அப்பாவுக்குப் பழகிய டாக்டரும் பேங்க்கும் அங்கே கிடையாது. துரைப்பாக்கத்தில் ஒரே தெருவில் 22,000க்கும் 38,000க்கும் வீடு பார்த்தேன். நீச்சல் குளமும் ஜிம்மும்தான் வித்தியாசம். அடையாறில் ஒரே ஒரு வீடு விசாரித்தேன், 45,000 என்றார்கள், அத்தோடு விட்டுவிட்டேன். கொரோனா சமயத்தில் ஐடிகாரர்கள் ஊரைப் பார்க்கப் போனபோது துரைப்பாக்கம் வழியாகப் போகும் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வீடுகள் காலியாகக் கிடந்து வாடகை இறங்கியது. ஆபீஸ்கள் திரும்பக் கூப்பிட்டதும் ஏறிய வாடகை இறங்கவே இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத் தடம் அந்தச் சாலை வழியாகத்தான் சிறுசேரி சிப்காட் வரை போகிறது. ரயில் ஓடுவதற்கு முன்பே, வீட்டைக் காட்டும்போது தூணைக் காட்டி வாடகை சொல்கிறார்கள்.

ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். நான் முதலில் ஆசைப்பட்டது துரைப்பாக்கத்து 22,000 ரூபாய் வீட்டுக்குத்தான். காற்றோட்டம், அகலமான லிஃப்ட், கீழேயே மருந்துக் கடை. அப்பா ஒன்றும் பேசாமல் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்தார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். குழாயின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. வாட்ச்மேனைத் தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: போர்வெல் தண்ணீர் உப்பு, தினமும் லாரி வருகிறது, அந்தச் செலவை மாதக் கடைசியில் வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வார்கள், போன மாதம் 1,800. மெயின்டனன்ஸ் 4,000 தனி. ஆக 22,000 ரூபாய் வீடு 27,800 ஆகிவிட்டது, குடிக்கிற கேன் தண்ணீர் சேர்க்காமலேயே. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டபோது ஓஎம்ஆரில் லாரிக்காக ஜனங்கள் பட்ட பாட்டை அப்பா பார்த்தவர். புரோக்கர் அதுவரை தண்ணீர் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

தண்ணீர் இல்லாதது ஒரு கஷ்டம் என்றால், வெள்ளமாக வருவது இன்னொரு கஷ்டம். வேளச்சேரியில் தரைத்தளத்தில் ஒரு வீடு, லிஃப்டே தேவையில்லை, 19,000தான். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் மரக் கதவின் கீழ்ப்பாதி மட்டும் ஊதிப் பிரிந்திருந்தது, என் இடுப்பு உயரத்துக்கு. எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். 2015லும் வந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வந்தது என்று கையை வைத்தே அளவு காட்டினார். முட்டி வலியோடு இருக்கும் ஒருவரை ராத்திரி இரண்டு மணிக்கு அங்கிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது? மழைக்காலத்தில் நான் அங்கே இருக்கவும் மாட்டேன். வயதானவர்களுக்கு வீடு பார்க்கும்போது எதிர்வீட்டில் விசாரிக்காமல் டோக்கன் கொடுக்கவே கூடாது.

கடைசியில் நங்கநல்லூரில் அமைந்தது. முதல் மாடி, லிஃப்ட் உண்டு, ஆஞ்சநேயர் கோயில் ஆட்டோவில் ஐந்து நிமிஷம். ஓனர் எழுபது வயதுப் பெரியவர், கீழேயே இருக்கிறார். என்னிடம் அதிகம் பேசவில்லை, அப்பாவிடம்தான் பேசினார். எந்த ஆபீஸ், எப்போ ரிட்டயர் ஆனீங்க, வீட்டில் அசைவம் உண்டா. அந்தக் கடைசிக் கேள்வியில் அதற்கு முன் மூன்று வீடு கைவிட்டுப் போயிருந்தது, மூன்றும் எங்களுக்குப் பிடித்த வீடுகள். 72 வயதில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது அப்பாவை எவ்வளவு வருத்தியது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவர் கேட்டபோதும் அப்பா மறைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மீன் வாங்குவோம் சார்." பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, ஜன்னலைச் சாத்திட்டு சமைங்க" என்றார். எனக்கு அந்த வார்த்தையும் முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவர்மேல் நன்றிதான் வந்தது.

26,000 கேட்டார், 24,500க்கு ஒப்புக்கொண்டார். மெயின்டனன்ஸ் 2,500. இபி தனி மீட்டர், நம் வீட்டுக்கு வரும் பில்லை நாமே கட்டலாம். இதை அவசியம் கேளுங்கள். சில வீடுகளில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வசூலிப்பார். அரசு தரும் இலவச யூனிட் சலுகை அப்போது குடியிருப்பவர் கைக்கு வந்து சேராது.

அட்வான்ஸ் இரண்டு லட்சம் என்று ஆரம்பித்தார். பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது சென்னையில் ரொம்ப நாள் வழக்கம், இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கும் இறங்கி வருகிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது, ஆனால் இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதுவும் செல்லும். அந்த ஒரு வரியில்தான் எல்லா ஓனர்களும் நிற்கிறார்கள். பேசிப் பேசி ஐந்து மாதத்துக்கு, 1,22,500க்கு முடித்தோம். ஆடிப் பதினெட்டு அன்று காலையில் அம்மாவே தன் கையால் டோக்கன் கொடுத்தார். குடி போவது ஆவணி பிறந்து.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் சொன்னதும் புரோக்கருக்குப் பிடிக்கவில்லை. "மேடம், 11 மாசம் போட்டா பதிவே வேணாம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." அது பழைய கணக்கு. புதுச் சட்டப்படி எத்தனை மாதமாக இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டியிடம் (வாடகை விஷயங்களுக்கான அரசு அதிகாரி) பதிவும் செய்ய வேண்டும். அதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது. ஒப்பந்தத்தையும் இருவர் விவரங்களையும் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். துபாயில் இஜாரி என்ற பதிவு இல்லாமல் கரன்ட், தண்ணீர் இணைப்புக் கிடைக்காது, குடும்ப விசாவும் நகராது. அதனால் யாரும் தவறவிடுவதில்லை. சென்னையில் அந்தப் பதிவு எண்ணைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பெரியவருக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். வாடகை, வரி எல்லாம் சரியாக இருப்பவர் என்பதால் அவருக்குத் தயக்கம் இல்லை.

இன்னொன்று, சென்னையில் ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும், வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு (என்ஆர்ஐ). நான் பார்த்த வீடுகளில் இரண்டின் ஓனர்கள் அமெரிக்காவில். என்ஆர்ஐ ஓனருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இரண்டு வீட்டிலும் கேட்டேன், ஓனர் தரப்பில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. ஓய்வூதியத்தில் இருக்கும் என் அப்பாவை அந்தச் சிக்கலில் மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டில் குடியிருப்பவரிடம் இதை நாமே முன்கூட்டிச் சொல்லி, ஆடிட்டர் செலவையும் ஏற்றுக்கொள்வதுதான் முறை.

பழைய வீட்டுக் கணக்குதான் இன்னும் முடியவில்லை. 2011இல் 8,000 வாடகைக்கு 80,000 அட்வான்ஸ் கொடுத்தார் அப்பா. ஒப்பந்தம் எழுதவில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஓனர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் மட்டும் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது, ஸ்டாம்ப் வெளுத்துப்போய் உருவமே தெரியவில்லை. பெயின்ட் செலவுக்கு 25,000 பிடித்துக்கொள்வேன் என்கிறார் அவர். 14 வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்தது கிடையாது, இரண்டு முறை அடித்தது அப்பாதான், பில்லும் வைத்திருக்கிறார். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். நான் துபாய் திரும்புவதற்கு முந்தின நாள் சாவியை ஒப்படைத்தோம், வாங்கிக்கொண்டதாக ஓனரிடம் எழுதியும் வாங்கினோம். அப்பா புது வீட்டுத் தினசரிக் காலண்டரில் முப்பது தாள் எண்ணி, அந்தத் தாளின் மூலையை மடித்து வைத்திருக்கிறார்.