லூருக்கு பெயிண்ட் அடிக்கிற ஸ்டென்சில் செட்டு, மூணு மாசம் யூஸ் பண்ணிப் பாத்துட்டு எழுதுறேன்

லூருன்னா மீனு கடிக்கறதுக்கு தூண்டில்ல மாட்டுற பொம்ம மீனு, ஸ்டென்சில்னா டிசைன ஓட்டையா வெட்டுன ஷீட்டு, மேல வெச்சு பெயிண்ட் அடிச்சா ஓட்ட வழியா டிசைன் விழும். மொதல்லயே சொல்லிடுறேன், இந்தச் செட்டு என் கைக்காசு 649 ரூபா போட்டு ஆன்லைன்ல வாங்குனது, யாரும் ஓசில அனுப்பல. கவர்ல கம்பெனி பேருன்னு ஒண்ணும் கெடயாது, 12 ஷீட்டு லூர் ஸ்டென்சில்னு ஒரு ஸ்டிக்கர் மட்டும் கோணலா ஒட்டியிருந்துச்சு. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்குறேன். அதுல ரெண்டு ஸ்டாரு அந்தப் பன்னெண்டுல உருப்படியா இருந்த ரெண்டு ஷீட்டுக்கு, மூணாவது அதப் பாத்து நானே வெட்டக் கத்துக்கிட்டேன் பாருங்க அதுக்கு.

வாரம் பூரா அம்பத்தூர்ல வேல, ஞாயித்துக்கிழம விடியறதுக்கு முன்னாடி மீனு புடிக்க முட்டுக்காடு, லீவு ஒண்ணு சேந்து வந்தா பழவேற்காடு, இதான் நம்ம வாழ்க்க. கொடுவா மீன் பைத்தியம்னு வீட்ல பேரு. கடைல வாங்குற நல்ல லூரு ஒண்ணு ஆயிரம் ரூபாயத் தாண்டிருச்சு, அத போன மொத நாளே சிப்பி ஒட்டுன தூண்ல மாட்டி அறுத்துக்கிட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி சோறு எறங்காது, அதனால ரெண்டு வருஷமா நானே செதுக்குறேன். தச்சர் பட்டறைல மிஞ்சுற மலைவேம்புத் துண்டு, 9 சென்டிமீட்டர் நீளம், வயித்துல ஈயம், மூஞ்சில லிப்புன்னு சொல்ற பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு. தண்ணில நல்லாத்தான் நீந்துது. ஆனா பெயிண்டுன்னு வந்தா நம்ம லட்சணம் தெரிஞ்சிடும், பிரஷ்ல கோடு போட்டா மடவ மீனு மாதிரி வராது, ஆட்டோ பின்னாடி எழுதுற எழுத்து மாதிரி வரும்.

சரின்னு ஒரு 0.3 மில்லிமீட்டர் நாசில் வெச்ச ஏர்பிரஷ், அதான் காத்தால பெயிண்ட்டத் தூவுற பேனா மாதிரி சாமான், வாங்குனேன். அதுல ஒரு விஷயம் யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க, ஏர்பிரஷ்ல சும்மா கைல அடிச்சா எல்லாமே பஞ்சு மாதிரி மங்கலாத்தான் விழும். முதுகுல கருப்பு, வயித்துல வெள்ள, நடுவுல ஒண்ணோடொண்ணு கலக்குறது, இதுக்கெல்லாம் சூப்பர். ஆனா செவுள் மூடி வளைவு, ஜிலேபி மீனோட நெட்டுக்குத்தா வர்ற பட்ட, கானாங்கெளுத்தி முதுகு நெளிவு, இதுக்கு ஒரு ஓரம் வேணும், அந்த ஓரத்தக் குடுக்கத்தான் ஸ்டென்சிலு.

செட்ல வந்தது: செதில் மூணு ஷீட்டு, பட்ட மூணு, செவுளும் கண்ணும் சேந்தாப்ல ரெண்டு, புள்ளி ரெண்டு, நெருப்பு மாதிரி ஒண்ணு, தவள தோல் ஒண்ணு. நெருப்பு எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, பைக் டேங்குல அடிக்கலாம்.

செதில் ஷீட்டத்தான் ரொம்ப ஆசயா மொதல்ல எடுத்தேன், அதான் படு மோசம். ஷீட்டு வெறப்பா இருக்கு, லூரு உருண்டையா இருக்கு, நடுவுல மட்டும் ஒட்டி நிக்கும், ரெண்டு பக்கமும் தூக்கிக்கும். அடிச்சு எடுத்துப் பாத்தா நடுவுல ரெண்டு வரிச செதிலு கத்தி மாதிரி, மேலயும் கீழயும் அம்மை போட்ட மாதிரி. கையால அமுக்கிப் புடிச்சா வெரல் மேலயும் பெயிண்ட்டு. இதுக்கு வலதான் ராஜா. பூண்டு வர்ற வலப்பை, இல்ல குளிக்கிற ஸ்க்ரப்பரப் பிரிச்சா வர்ற வல, இல்ல தி.நகர்ல தாவணிக்கு வாங்குற நெட் துணில கால் மீட்டரு, எதுவா இருந்தாலும் சரி, லூர சுத்தி இழுத்து முதுகுப் பக்கம் துணி கிளிப்பு போட்டு மாட்டிட்டு, கீழ வெள்ளிக் கலர் நல்லா காஞ்சப்புறம் மேல கொஞ்சம் டார்க்கா அடிச்சுட்டு அவுத்தா செதிலு அப்படியே உக்காந்திருக்கும், உருண்ட மேல உருண்டையாவே. 649 ரூபாய்ல மூணு ஷீட்டு செஞ்சிருக்க வேண்டிய வேலைய பத்து ரூபா பூண்டு பை செஞ்சிருச்சு.

ஆனா அதே வெறப்பு பட்ட ஷீட்டுக்கு வரமா போச்சு, இத எதிர்பாக்கவே இல்ல. மீனு மேல இருக்க பட்டய கிட்டக்க பாருங்க, ஸ்கேல் வெச்சு போட்ட மாதிரி இருக்காது, முதுகுகிட்ட அழுத்தமா இருந்து வயித்துக்கு எறங்க எறங்க கரஞ்சு போயிடும். ஷீட்ட முதுகுப் பக்கம் ஒட்டி வெச்சு வயித்துப் பக்கம் தானா தூக்கிக்க விட்டா, அடிக்கும்போது மேல ஓரம் சுத்தமா, கீழ மங்கலா, ஒரே அடில வந்துருது. அப்பதான் மண்டைல ஒரைச்சுது, ஸ்டென்சில்ல டிசைன விட தூரம்தான் முக்கியம். ஒட்டி வெச்சா ஓரம் வெட்டுன மாதிரி, ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளி வெச்சா மெதுவா கரையுற மாதிரி. இப்ப ஷீட்டுக்கு அடில ஃபோம் டேப்ப சின்னச் சின்னதா வெட்டி ஒட்டிடுறேன், அது ஷீட்டத் தூக்கிப் புடிச்சுக்கும், நம்ம கை நடுங்குனாலும் தூரம் மாறாது. இந்தச் செட்டோட வந்த பேப்பர்ல இது ஒரு வரி இல்ல, ஃபுல்லா சைனீஸ்ல எழுதி ஒரு தவள படம் போட்டிருக்கான்.

செவுள் ஷீட்டு நல்ல வளைவுதான், ஆனா சைஸு நமக்கு ஒத்து வரல, 13, 14 சென்டிமீட்டர் லூருக்கு வெட்டுனது போல, என்னோட 9 சென்டிமீட்டர் லூருல வெச்சா செவுளு பாதி ஒடம்ப முழுங்கிருச்சு, மீனுக்கு தலைக்கவசம் போட்ட மாதிரி. வாங்குறவங்க வித்தவன் போட்ட படத்த நம்பாம ஷீட்டோட அளவு போட்டிருக்கானான்னு பாருங்க, என்னோடதுக்கு போடல, கேட்டதுக்கு பதிலும் வரல. கண்ணு ஓட்ட வேஸ்ட்டு, ஒட்டுற 3டி கண்ணு ஜோடி ஜோடியா சல்லிசா கெடைக்கும்போது யாரு கண்ண பெயிண்ட் அடிப்பா.

புள்ளி ஷீட்டுல ஒண்ணு அருமை. கானாங்கெளுத்தி முதுகுக்கும், வீட்ல மிஞ்சுன பச்ச ஆரஞ்சு எல்லாம் போட்டு அடிக்கிற ஃபயர் டைகருக்கும் அதத்தான் எடுக்குறேன். இந்தப் புள்ளி ஷீட்டும் பட்டைல நடுத்தரமா இருக்கறதும், இந்த ரெண்டுக்குத்தான் அந்த ரெண்டு ஸ்டாரு.

இப்ப நான் பண்ண தப்பு. முதல் நாள் ஏர்பிரஷ்ஷுக்கு காத்து குடுக்குற கம்ப்ரஸர 25 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல வெச்சு, பெயிண்ட்டும் தண்ணியா கலந்து, பக்கத்துல புடிச்சு ஒரே அடியா அடிச்சேன், காத்து ஷீட்டுக்கு அடில பூந்து பெயிண்ட்ட இழுத்துட்டுப் போயி, பட்ட இருக்க வேண்டிய எடத்துல பூரான் கால் மாதிரி மொளச்சிருச்சு. 15க்கு கொறச்சு, நேரா செங்குத்தா புடிச்சு, ஒரு தடவ ஈரமா அடிக்காம நாலஞ்சு தடவ வறட்சியா தூவி, நடுவுல ஹேர் டிரையர் காட்டுனா அந்தப் பூரான் கால் வராது. இன்னொண்ணு நம்ம ஊரு ஸ்பெஷலு, அக்டோபர் தாண்டி மழ ஆரம்பிச்சா காத்துல இருக்க ஈரம் எல்லாம் கம்ப்ரஸர் ஓஸ்ல தண்ணியா நின்னு, சரியா கடைசி பட்ட அடிக்கும்போது துப்பும். ஓஸ் நடுவுல தண்ணி புடிக்கிற ட்ராப்பு போடாம மெட்ராஸ்ல ஏர்பிரஷ்ஷே எடுக்காதீங்க. அந்த ஈரத்துல பெயிண்ட்டுக்கு மேல பூசுற எபாக்ஸி பிசினும் காஞ்சப்புறம் பிசுபிசுன்னு பால் பூத்த மாதிரி ஆயிடும், மழை விட்ட நாள்ல பூசுங்க, இல்ல ஏசி ரூம்ல வெச்சு வீட்ல திட்டு வாங்குங்க.

ரெண்டாவது தப்பு பெருசு. அக்ரிலிக்கு ஷீட்டு ஓரத்துல ஏற ஏற ஓட்ட சின்னதாயிட்டே வரும், அஞ்சாறு லூருக்கு ஒரு தடவ கழுவணும். நான் அவசரத்துல தின்னரத் தொட்டு தொடச்சேன். ஷீட்டு மெதுவாயி, காஞ்சதும் அப்பளம் பொரிச்ச மாதிரி சுருண்டுக்கிச்சு, நாலு ஷீட்டு அவுட்டு. அப்பதான் தெரியுது இது பிவிசி. நல்ல ஸ்டென்சில பாலியெஸ்டர் ஷீட்டுல, அதான் மைலார்ம்பாங்களே அதுல வெட்டுவாங்க, அதுக்கு தின்னர் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. பிவிசின்னா வெதுவெதுன்னு இருக்க தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு ஊற வெச்சு பழைய டூத் பிரஷ்ல தேயுங்க, அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.

சுருண்டு போன ஷீட்டப் பாத்து எங்கம்மா சொன்னது, "மார்கழிக்கு மயிலாப்பூர் மாட வீதில விக்கிறானே கோல அச்சு, அதுவும் இப்பிடித்தான், அச்ச வெச்சு தட்டுனா அதுக்குப் பேரு கோலமாடா?" அம்மாவுக்கு புள்ளி வெச்சு கையால இழுத்தாத்தான் கோலம். ஆனா அந்த அச்சுத் தட்டு ஒண்ணு வீட்லயே இருந்துச்சு, நைசா எடுத்து அடிச்சுப் பாத்தேன், ஓட்டைக்கு நடுவுல இருக்க எடம் ஜாஸ்தி, லூருக்கு ஆகல. ஃபேன்ஸி ஸ்டோர்ல விக்கிற மருதாணி ஸ்டென்சிலயும் பாத்தேன், அது பின்னாடி பசை இருக்கறதால உருண்ட மேல நல்லா படியுது, ஆனா எடுக்கும்போது கீழ இருக்க பெயிண்ட்டயும் உரிச்சுட்டு வருது, பசைய உள்ளங்கைல நாலு தடவ ஒட்டி ஒட்டி எடுத்து கொறச்சுட்டு வெச்சா பரவால்ல.

கடைசில கைகுடுத்தது எக்ஸ்ரே. பரண் மேல மாமனாரோட பழைய எக்ஸ்ரே கவரு ஒண்ணு கெடந்துச்சு. அந்த ஃபிலிமும் பாலியெஸ்டர்தான், கடைல விக்கிற மைலார் ஸ்டென்சில் ஷீட்டு கனம்தான் கிட்டத்தட்ட. பிளீச்சிங் பவுடர் தண்ணில ஊறப் போட்டா மேல இருக்க கருப்பு கொழகொழன்னு வழுக்கிட்டு வந்துரும், கையுறை போட்டுக்கோங்க, கண்ணாடி மாதிரி ஷீட்டு மிஞ்சும். லூரு மேலயே வெச்சு மார்க்கர்ல வரஞ்சு பிளேடு கத்தில வெட்டலாம், நம்ம லூருக்கு நம்ம அளவு. நடுவுல ஒரு கோடு கீறி வெச்சுக்கிட்டா அதையே திருப்பிப் போட்டு அடுத்த பக்கமும் அடிக்கலாம், ரெண்டு பக்க செவுளும் நேருக்கு நேரா வரும், ஆனா திருப்புறதுக்கு முன்னாடி மேல இருக்க பெயிண்ட்டு காஞ்சிருக்கணும், இல்லன்னா அவ்ளோதான். மாமா வந்து பாத்துட்டு "என்ன மாப்ள, என் முட்டிய வெட்டுறீங்களா?"ன்னாரு. கேக்காம எடுத்தது தப்புதான், ஆனா அந்த முட்டிலதான் இப்ப என்னோட மடவ மீனு கோடு ஓடுது.

இது ஒண்ணும் புதுசும் இல்ல, ஃபின்லாந்துல லௌரி ரபாலான்னு ஒரு மீனவர் 1936ல தன்னோட முதல் லூர கார்க்குல செதுக்கி, சாக்லேட்டு சுத்தி வர்ற பளபள தாள ஒட்டி, ஃபோட்டோ நெகட்டிவ உருக்கி மேல பூசுனாரு, கையில இருந்தத வெச்சுத்தான் அவரும் ஆரம்பிச்சாரு.

சின்ன டிசைன் கையால வெட்ட முடியலன்னா பாரிமுனைக்குப் போங்க. ஆண்டர்சன் தெருவுல பேப்பர் கடைங்கள்ல பாலியெஸ்டர் ஷீட்டு கேட்டு வாங்கிட்டு, பக்கத்து சந்துங்கள்ல லேசர் கட்டிங் பண்றவங்க இருப்பாங்க. நான் போன எடத்துல அந்தத் தம்பி ஷீட்ட வாங்குனதும் கேட்ட மொத கேள்வி, "அண்ணா இது பிவிசியா? பிவிசின்னா மிஷின்ல வெக்க மாட்டேண்ணா, க்ளோரின் பொக வரும், நானும் காலி மிஷினும் காலி." தொழில் தெரிஞ்ச பையன். ஏழு டிசைன் ஒரே ஷீட்டுல வெட்டி 180 ரூபா வாங்குனான், ஓரம் லேசா உருகி தடிப்பா வந்துச்சு, நைஸ் சாண்ட்பேப்பர்ல ஒரு இழுப்பு இழுத்ததும் சரியாப் போச்சு. 649ஐ அங்க குடுத்திருந்தா என் சைஸுக்கே மூணு செட்டு வந்திருக்கும்.

மீனு புடிச்சுதான்னு கேப்பீங்க. மழைக்கு அப்புறம் தண்ணி டீ கலர்ல இருந்த ஒரு ஞாயித்துக்கிழம, முட்டுக்காட்டுல அந்தப் பட்ட போட்ட ஃபயர் டைகருல ரெண்டே கால் கிலோ கொடுவா ஒண்ணு அடிச்சுது. அதுக்கு முந்தின வாரம் பூரான் கால் மொளச்ச அந்த லூருல ஒரு செப்பிலி மீனும் அடிச்சிருந்துச்சு, அதயும் சொல்லிடுறேன், ஏன்னா பட்ட ஓரம் சுத்தமா இருக்கான்னு செப்பிலி பாத்த மாதிரி தெரியல. பாக்குறது நம்மதான், டப்பாவத் தொறந்ததும் பக்கத்துல நிக்கிறவன் "எங்கண்ணா வாங்குனீங்க"ன்னு கேக்கணும், அதுக்குத்தான் இவ்ளோ பாடு.

12 சென்டிமீட்டருக்கு மேல லூர் செய்றவங்க, கத்தி புடிக்கப் பொறும இல்லாதவங்க வாங்கலாம், செதில் ஷீட்ட பிரிக்கவே வேணாம். சின்ன லூர் செய்றவங்க பரண்ல தேடுங்க. மாமா இடுப்பு எக்ஸ்ரே ஒண்ணு இன்னும் முழுசா இருக்கு, இந்தத் தடவ கேட்டுட்டேன், எறா முதுகு வெட்டப் போறேன்.